டாக்கா வங்கிக் கொள்ளையும் சாட்சியின் அவசியமும்

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்காளதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. டாக்காவிலுள்ள மத்திய வங்கியின் அலுவலர்கள் வீடு திரும்பியபின், அவ்வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 கட்டளைகள் சென்றன. அங்கிருந்த வங்காளதேசக் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை வெவ்வேறு கணக்குகளுக்கு அனுப்புமாறு அவை கூறின. வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியாகவே அவை வந்தன. அனுப்பியவர்களோ திருடர்கள்.

இத்திருட்டின் வேர் ஓராண்டுக்கு முந்தையது. 2015 ஜனவரியில் வேலை கேட்டு விண்ணப்பிப்பவர்போல் மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றின் வழியே தீய மென்பொருள் உள்ளே நுழைந்தது. அவ்வாண்டு மே மாதமே, களவுப் பணத்தைப் பெறுவதற்கான கணக்குகள் மணிலாவில் தொடங்கப்பட்டுவிட்டன. ஸ்விஃப்டின் மையம் உடைக்கப்படவில்லை. அதனுடன் இணைந்திருந்த வங்கியின் சொந்தக் கணினிகளே திருடர்களின் கைக்குப் போயின.

ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தாளில் பதிப்பதற்கு அவ்வங்கியில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. வெள்ளியன்று அது இயங்கவில்லை. வழக்கமான பழுது என்றே அலுவலர்கள் எண்ணினர். உண்மையில், தீய மென்பொருள் அதை முடக்கியிருந்தது. சனியன்று உண்மை தெரிந்தபோது நியூயார்க்கில் வார விடுமுறை. திங்களன்று சீனப் புத்தாண்டுக்காக மணிலாவில் விடுமுறை.

எஞ்சிய பணம் தப்பியது எப்படி? மணிலாவின் வங்கிக் கிளை ஜூப்பிட்டர் தெருவில் இருந்தது. அச்சொல் அமெரிக்கத் தடைப்பட்டியலிலிருந்த ஒரு பெயருடன் தற்செயலாக ஒத்துப்போனதால் கட்டளைகள் மறுபார்வைக்கு நின்றன. 30 கட்டளைகள் நிறைவேறவில்லை. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பெறுநரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் ஐயத்துக்குள்ளாகித் திரும்பியது. ஆனால் மணிலாவுக்குச் சென்ற 8.1 கோடி டாலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. சுமார் 1.5 கோடி டாலர் மட்டுமே அவ்வாண்டில் மீண்டது. மத்திய வங்கி ஆளுநர் அதியுர் ரஹ்மான் மார்ச்சில் பதவி விலகினார்.

அதன்பின் ஸ்விஃப்ட் தன் உறுப்பு வங்கிகளுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. பிலிப்பைன்ஸ் 2017இல் சூதாட்ட விடுதிகளையும் கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. எழுதி வைப்பதோடு நில்லாமல், சாட்சிகளையும் அது வேண்டுகிறது. டாக்காவில் எழுத்து இருந்தது, சாட்சி இல்லை. சாட்சியாக நின்ற ஒரே அச்சுப்பொறியும் திருடர்களின் பிடியில் இருந்த அதே கணினிகளையே நம்பியிருந்தது. பணத்தைக் காத்தவை, அக்கணினிகளுக்கு வெளியிலிருந்து எழுந்த கேள்விகளே.

நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். பணம் கேட்டு உறவினர் பெயரில் செய்தி வந்தால், அதற்கே பதிலெழுதிச் சரிபார்ப்பது சாட்சியாகாது. நாம் முன்பே அறிந்த எண்ணில் அழைத்து, அவர் குரலைக் கேட்டபின் அனுப்புவோம். குடும்பத்தின் சேமிப்பும் நம் கையிலுள்ள அமானிதமே.