லுத்தேசியா: ஒரு விடுதியும் பாரிஸ் மாநகரும்

ஐரோப்பாவின் பழம்பெரு நகரங்களைக் காணச் செல்வோர்க்கு விடுதி என்பது பெட்டியை வைத்துவிட்டுப் புறப்படும் இடம். வரலாறு வெளியே, கோயில்களிலும் அரண்மனைகளிலும் இருக்கிறது என்று எண்ணிக் காலையில் வாயிலைக் கடப்பர். இரவில் களைத்துத் திரும்புவர். பாரிஸ் நகரின் லுத்தேசியா ஹோட்டலைப் பொறுத்தவரை இக் கணக்குப் பொருந்தாது. அங்கே வாயிலைக் கடக்குமுன் சற்று நிற்க வேண்டும். ஏன் என்பதைக் கூறவே இக் கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சேன் ஆற்றின் இடக்கரையில், ராஸ்பாய்ப் பெருஞ்சாலையும் சேவ்ர் தெருவும் கூடும் மூலையில் நிற்பது இவ் விடுதி. 1910ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பெற்றது. கட்டியவர்கள் அரசர்களோ பிரபுக்களோ அல்லர். அண்மையிலுள்ள பொன் மார்ஷே என்னும் பெருங்கடையின் உரிமையாளர்கள். 1852இல் அக் கடையின் பங்காளியாகச் சேர்ந்து அதனை வளர்த்த அரிஸ்தீது பூசிக்கோ என்பவர், பொருளுக்கு ஒரே விலை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்னும் முறைகளைப் பெருவழக்காக்கியவர். பேரம் பேசாமல் வாங்கியது வாங்கியதாகாது என்று கருதும் நம்மவர்க்கு இது சுவையற்ற வாணிகமாகத் தோன்றலாம். பாரிஸ் மக்களோ திரண்டு வந்தனர். வெளியூர்களிலிருந்து வரும் செல்வக் குடும்பங்கள் கடைக்கு அருகிலேயே வசதியாகத் தங்க வேண்டும் என்பதற்காக எழுந்ததே இந்த ஹோட்டல். அதன் முகப்பில் கல்லிலே கொடியும் திராட்சைக் குலையும் படர்ந்திருப்பதைச் சாலையில் நின்றே கண்டு மகிழலாம்.

பெயர் மட்டும் வாணிகப் பெயரன்று. உரோமர் ஆட்சிக் காலத்தில் பாரிஸ் நகருக்கு வழங்கிய பெயர் லுத்தேசியா. அங்கு வாழ்ந்த பரிசி என்னும் கெல்ட் இனத்தாரின் பெயரையே நகரம் பின்னர் ஏற்றுக்கொண்டது. விடுதியிலிருந்து கிழக்கு நோக்கி அரைமணி நேரம் நடந்தால், குளூனி மாளிகையை ஒட்டி, உரோமர் நீராடிய மண்டபங்களின் சுவர்கள் இன்றும் ஓங்கி நிற்கக் காணலாம். இன்னும் சிறிது தொலைவில், படிவரிசைகள் சூழ்ந்த பழைய களரி ஒன்றுண்டு. 1869இல் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட இதனை, வண்டிக் கொட்டகை அமைப்பதற்காக அழித்துவிட முனைந்தனர். 1883இல் முதுபுலவர் விக்டர் யூகோ நகர மன்றத்துக்கு மடல் எழுதி வேண்டியபின் எஞ்சிய பகுதி காப்பாற்றப்பெற்றது.

பழைய லுத்தேசியாவின் கதை இவ்வளவில் நிற்க, புதிய லுத்தேசியாவின் கதைக்குத் திரும்புவோம். 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஹிட்லருக்கு அஞ்சித் தாயகம் துறந்த ஜெர்மானியர் பலர் இவ் விடுதியில் கூடினர். எழுத்தாளர் ஹைன்ரிக் மான் தலைமை தாங்கினார். தம்முள் ஒற்றுமை கண்டு நாசி ஆட்சியை எதிர்ப்பதே நோக்கம். ஒற்றுமை கைகூடவில்லை. கூடியவருள் ருடால்ஃப் பிரைட்ஷைட் என்னும் தலைவர் பின்னர்ப் பிரெஞ்சு விஷி அரசால் நாசிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 1944இல் பூகன்வால்ட் முகாமில் மாண்டார்.

1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தது. அகதிகள் கூடிய அதே விடுதியில் ஜெர்மன் படையின் உளவுத்துறையான அப்வேர் குடியேறியது. சாலைக்கு அப்புறம் ஷெர்ஷ்-மிதி சிறைச்சாலை. 1894இல் குற்றமற்ற திரைபஸ் அடைக்கப்பட்ட சிறை அதுவே. இப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. பிரெஞ்சு விடுதலை இயக்கத்தின் முன்னோடியான கடற்படை அதிகாரி தெத்தியென் தோர்வ் இங்கே சிறையிருந்து, 1941 ஆகஸ்ட் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருபுறம் விருந்து மேசைகள். மறுபுறம் சிறைக் கம்பிகள். இடையே ஒரு சாலையின் அகலந்தான். அச் சிறை 1960களில் இடிக்கப்பட்டுவிட்டது.

1945 ஏப்ரலில் முகாம்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. பிழைத்தோர் பாரிஸுக்குத் திரும்பலாயினர். அவர்களை வரவேற்க முதலில் அமைத்த இடம் போதாமையால், அம் மாதக் கடைசியில் அரசு லுத்தேசியாவைத் தெரிந்தெடுத்தது. ரயில் நிலையங்களிலிருந்து நகரப் பேருந்துகள் அவர்களை ஏற்றி வந்தன. 1942 ஜூலையில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பாரிஸ் போலீசார் பிடித்துச் சென்றதும் இதே வகைப் பேருந்துகளில்தான். கோடிட்ட முகாம் உடையும் மழித்த தலையுமாய், நிற்க வலுவின்றி இறங்கியவர்களைப் பளிங்குக் கூடம் ஏற்றுக்கொண்டது. மருத்துவர் பார்த்தனர்; பேன் ஒழியப் பொடி தூவினர். தப்பிக்க முயலும் நாசிக் கையாள் எவனும் நுழைந்துவிடாமல் அதிகாரிகள் வினாவி ஆராய்ந்தனர். அட்டையும், உடையும், சிறிது பணமும் வழங்கினர். உணவே பெரும் இடராயிற்று. பட்டினியால் சுருங்கிய வயிறு நல்லுணவைத் தாங்கவில்லை. மெத்தையில் உறக்கம் வராமல் தரையில் படுத்ததைப் பிழைத்தோர் சிலர் பிற்காலத்தில் கூறியுள்ளனர்.

ஆயினும் லுத்தேசியாவின் வரலாற்றில் நம் நெஞ்சை விட்டகலாதவர்கள் வந்தவர்கள் அல்லர், காத்திருந்தவர்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த நகராட்சித் தேர்தல் அவ் ஏப்ரல் 29இல் நடந்தது. தேர்தல் விளம்பரப் பலகைகளில் இப்போது புகைப்படங்கள் ஒட்டப்பட்டன: திருமணக் கோலத்தில் ஒருவர், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன், குழந்தையை ஏந்திய ஒரு தாய். கீழே பெயரும், கொண்டுபோன நாளும், தெரிவிக்க வேண்டிய முகவரியும். பேருந்து வந்து நின்றதும் உறவினர் படங்களை உயர்த்திக் காட்டி, 'இவரைக் கண்டதுண்டா?' என்று கேட்பர். அப் படங்களிலிருந்த கொழுத்த கன்னங்களை வைத்து முகாமில் கண்ட எலும்புருவை எவ்வாறு அடையாளம் சொல்வது? அறிந்தவர் சிலரும் சொல்ல நா எழாமல் தலையசைத்துப் போயினர். ஆகஸ்ட் வரை நீடித்த இப் பணியில் 18,000 முதல் 20,000 பேர் வரை இவ் விடுதி வழியே சென்றனர் என்பர். பிரான்சிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 76,000. அவருள் மீண்டவர் 3,000 பேருக்கும் குறைவு.

பிறகு விடுதி மீண்டும் விடுதியாயிற்று. நான்காண்டுகள் புதுப்பித்து 2018இல் திறந்தனர். அங்கே தங்கும் செலவு நம்போன்றோர்க்கு எட்டாதது. ஆனால் ராஸ்பாய்ச் சாலைச் சுவரில் பதித்துள்ள நினைவுக் கல்லைப் படிக்கக் கட்டணமில்லை. மீண்டவர் மகிழ்வையும், வீணே காத்திருந்த குடும்பங்களின் துயரையும் அது சில வரிகளில் கூறுகிறது.

அதைப் படித்தபின் ஆற்றை நோக்கி நடப்பதே தக்கது. நோத்ர தாம் கோயிலுக்குப் பின்னே, தீவின் முனையில், 1962இல் தெகோல் திறந்துவைத்த நினைவகம் உள்ளது. குறுகிய படிகளில் இறங்கினால் நகரம் மறைந்து, வானமும் நீருமே தெரியும். உள்ளே நீண்டதொரு வழியில், நாடு கடத்தப்பட்டோரின் நினைவாக 200,000 கண்ணாடி மணிகள் ஒளிர்கின்றன. வலக்கரைக்குச் சென்றால், 2005இல் எழுப்பிய பெயர்ச் சுவர்: மாண்டாரும் மீண்டாருமாக 76,000 யூதர்களின் பெயர்களும் பிறந்த ஆண்டுகளும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. லுத்தேசியாவின் பலகைகளில் படமாக நின்றவர்கள் இங்கே எழுத்தாக நிற்கின்றனர். சுவரருகே ஒரு பெயரை விரலால் தேடிக்கொண்டிருப்போரை இன்றும் காணலாம்.