கார் சப்ஊஃபர் பெட்டியின் வரலாறு

சப்ஊஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர் ஆகும். கார்களில் இது பெரும்பாலும் டிக்கியில், ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தப்படுகிறது. அந்தப் பெட்டியைப் பலரும் வெறும் உறையாகவே கருதுகின்றனர். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, டிக்கியில் மிஞ்சிய இடத்துக்கு ஏற்ப ஏதோ ஓர் அளவில் பெட்டியை அடித்து வாங்குவதே வழக்கம். ஆனால் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பீக்கரின் ஓர் உறுப்புதான். இதைக் கணக்காக எழுதிக்காட்டப் பொறியாளர்களுக்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

இன்றைய கூம்பு வடிவ ஸ்பீக்கரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகியோர் 1925இல் விவரித்தனர். கூம்பு முன்னால் நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். எனவே பின்னலை கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து முன்னலையை எளிதில் அழித்துவிடும். பெட்டியில்லாத பெரிய ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட வைத்தால் அது கீச்சென்று ஒலிப்பது இதனால்தான். பின்னலையைத் தடுக்க அகன்ற பலகையும் பெட்டியும் தேவைப்பட்டன.

பின்னலையை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியை பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் கண்டார். 1930இல் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்கு 1932இல் கிடைத்தது. பெட்டியில் ஒரு குழாய்த் துளை வைத்தால், குழாயிலுள்ள காற்று எடையாகவும் பெட்டிக்குள்ளிருக்கும் காற்று சுருள்வில்லாகவும் இயங்கி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். காலிப் புட்டியின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இதே வகைதான். இத்தகைய ஒத்ததிர்வை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். ஆயினும் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று முன்கூட்டியே சொல்ல முழுமையான முறை இருக்கவில்லை. குழாயை வெட்டிப் பார்ப்பதும் கேட்டுப் பார்ப்பதுமாகவே வேலை நடந்தது. எல்லாச் சுரத்தையும் ஒரே 'பூம்' ஆக்கிவிடும் பெட்டிகள் அக்காலத்தில் ஏராளம். இன்றும் சாலையில் நம்மைக் கடந்து செல்கின்றன.

1950கள் வரை ஆழ்ந்த ஒலி வேண்டுமென்றால் குளிர்பதனப் பெட்டி அளவுக்குப் பெரிய பெட்டி வேண்டும் என்பதே நம்பிக்கை. அதை உடைத்தவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். கூம்பைத் தாங்கும் தொங்கலமைப்பு ஒரு சுருள்வில். ஆனால் ஒழுங்கற்ற சுருள்வில். கூம்பு அதிகம் நகரும்போது அதன் விறைப்பு மாறி ஒலி சிதைகிறது. மூடிய சிறு பெட்டியில் அடைபட்ட காற்றோ அதைவிட மிகச் சீரான சுருள்வில். எனவே தொங்கலைத் தளர்வாகச் செய்துவிட்டு, கூம்பை மீட்டிழுக்கும் வேலையைக் காற்றிடம் ஒப்படைக்கலாம் என்றார் வில்ச்சர். தம் மாணவராக இருந்த ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து, 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் ஸ்பீக்கரான ஏஆர்-1, அலமாரித் தட்டில் வைக்கக்கூடிய அளவிலிருந்தும் பெரும் பெட்டிகளைவிட ஆழமாக ஒலித்தது. 1956இல் கிடைத்த காப்புரிமை நிலைக்கவில்லை. எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் அதை எதிர்க்க, ஹாரி ஓல்சன் முன்னரே பெற்றிருந்த காப்புரிமை காரணமாக அது செல்லாததாயிற்று. வில்ச்சர் மேல்முறையீடு செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் மூடிய சிறு பெட்டி செய்யலாம் என்றானது. இன்று டிக்கியில் இருக்கும் மூடிய பெட்டிகள் எல்லாம் இதன் வழிவந்தவையே.

இதற்கு ஒரு விலை இருந்தது. கிளாஸ் பின்னர் தொடங்கிய கேஎல்எச் நிறுவனத்தின் பங்காளியும், பியானோ மேதை யோசெஃப் ஹாஃப்மனின் மகனுமான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் ஓர் 'இரும்பு விதி' வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது அதன் சாரம். அதே பெட்டியில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் திறன் எட்டில் ஒரு பங்காகும்.

கணக்கு வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. நெவில் தீல் 1961இல் சிட்னியில் இருந்தபோது, பெட்டியோடு கூடிய ஸ்பீக்கரை ஒரு மின் வடிப்பானாகக் கருதிக் கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலிய இதழ் ஒன்றில் வெளியான அதை உலகம் பரவலாகப் படித்தது, 1971இல் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் கழக இதழ் மறுபதிப்பு செய்த பிறகுதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அந்த முறையை விரிவாக்கி 1972, 1973ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சப்ஊஃபர் அட்டையில் எஃப்எஸ், கியூடிஎஸ், விஏஎஸ் என்று அச்சிடப்படும் எண்கள் 'தீல்-ஸ்மால் அளவுருக்கள்' எனப்படுவது இவ்விருவர் பெயரால்தான்.

காருக்குள் இந்த வரலாறு வேறு திருப்பம் கண்டது. முதல் தடை மின்சாரம். 14.4 வோல்ட்டை நேரடியாகப் பயன்படுத்தினால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் ஏறத்தாழ 25 வாட்டுக்கு மேல் கிடைக்காது. மின்னழுத்தத்தை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் பரவியபின், திறன் குறைந்த சிறு பெட்டிக்குத் தேவையான வாட்டுகள் கிடைத்தன. இரண்டாவது, கார் அறையே தரும் உதவி. அறையின் நீளம் 3 மீட்டர் என்றால், ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அலையாகப் பரவாமல் அறை முழுவதையும் ஒரே அழுத்தமாக நிரப்புகிறது. அங்கிருந்து கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் கோட்பாட்டின்படி 12 டெசிபல் கூடும். கதவும் கூரையும் அதிர்வதாலும் இடுக்குகளாலும் நடைமுறையில் சற்றுக் குறையும்.

எடுத்துக்காட்டாக, எஃப்எஸ் 28, கியூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர் உள்ள ஒரு ஸ்பீக்கரைக் கொள்வோம். விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, அதனால் மற்ற இரு எண்களையும் பெருக்க வேண்டும். 41 லிட்டர் மூடிய பெட்டியில் கியூ 0.7, ஒத்ததிர்வு 44 ஹெர்ட்ஸ் என வரும். வீட்டு அறைக்கு இது பொருத்தம். 20 லிட்டரில் கியூ 0.9, ஒத்ததிர்வு 56 ஹெர்ட்ஸ். வீட்டில் இது ஆழம் குறைந்து ஒலிக்கும். காரிலோ, ஒத்ததிர்வுக்குக் கீழே மூடிய பெட்டி ஸ்தாயிக்கு 12 டெசிபல் இறங்கத் தொடங்கும் இடத்தில்தான் அறையின் ஏற்றமும் தொடங்குகிறது. ஒன்றை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்கிறது. காருக்குச் சிறிய பெட்டி ஒரு சமரசம் என்று சொல்வதை இந்தக் கணக்கு ஏற்பதில்லை.

20 லிட்டர் என்பது உள்ளளவு. ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே அடிக்கும் தாங்குகட்டைகளும் பிடிக்கும் இடத்தை இதோடு சேர்த்தே பெட்டியை வெட்ட வேண்டும். மூலைகளிலும் கம்பி நுழையும் துளையிலும் காற்று கசிந்தால் சுருள்வில்லே இல்லாமல் போகும். அளவு சற்றுக் குறைந்துவிட்டால் உள்ளே பாலியஸ்டர் பஞ்சு நிரப்புவதால் பெட்டி கொஞ்சம் பெரியதுபோல் நடந்துகொள்ளும்.

துராஸின் குழாய்ப் பெட்டி அதே வாட்டுக்கு அதிக முழக்கம் தருவதால் போட்டிக்காரர்களுக்கு அதன்மேல் தனி மோகம். குழாய் ஒடுங்கியிருந்தால் காற்று சீறும். அகலமாக்கினால் நீளத்தையும் கூட்ட வேண்டும், டிக்கியில் இடம் போதாது. அதன் ஒத்ததிர்வுக்குக் கீழே ஒலி ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிகிறது, கூம்பும் தன்னைத் தடுக்கும் காற்று இல்லாமல் எல்லை மீறி ஓடுகிறது. அதனால் இவ்வகைப் பெட்டிக்கு ஆம்ப்ளிஃபயரிலுள்ள 'சப்சானிக்' வடிப்பானைக் குழாயின் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வைக்கின்றனர்.