வாங்குபவராக வந்த போலீஸ்: அமெரிக்கப் போதைப்பொருள் போரும் மாறுவேடக் காவலர் படங்களும் (1948–2021)

கொலை நடந்தால் பிணம் கிடக்கும். திருட்டு நடந்தால் பறிகொடுத்தவர் ஸ்டேஷன் படியேறுவார். போதைப்பொருள் விற்பனையில் இந்த இரண்டுக்கும் வழியில்லை. விற்றவர் காசோடு போகிறார், வாங்கியவர் சரக்கோடு போகிறார், புகார் கொடுக்க ஆள் கிடையாது. வழக்கு வேண்டுமென்றால் போலீஸே வியாபாரத்துக்குள் நுழைந்து ஒரு தரப்பாக நிற்க வேண்டும். அமெரிக்காவின் மாறுவேடப் போலீஸ் படங்களுக்கு அடிமண் இந்த நடைமுறைச் சிக்கல்தான். விமர்சகர்கள் பெரும்பாலும் அவற்றை அடையாளக் குழப்பத்தின் கதைகளாக, வேடம் போட்டவன் வேடத்துக்குள் கரைந்துபோகும் கதைகளாக வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பில் தவறில்லை, ஆனால் அது போலீஸ்காரரின் மனசோடு நின்றுவிடுகிறது. சட்டம் அவருக்கு எதையெல்லாம் அனுமதித்தது, பிடிபட்டவர் என்ன ஆனார் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தப் படங்களின் வரலாறு வேறு மாதிரி விரிகிறது.

தொடக்கத்தில் இப்படிப்பட்ட படம் எடுக்கவே தடை இருந்தது. ஹாலிவுட் தனக்குத்தானே விதித்துக்கொண்ட 1930ஆம் ஆண்டுத் தயாரிப்பு நெறிமுறை, போதைப்பொருள் கடத்தலைத் திரையில் காட்டக் கூடாது என்றது. அதே 1930இல் கூட்டாட்சிப் போதைப்பொருள் பணியகம் உருவானது. அதன் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் 1962 வரை நாற்காலியை விடவில்லை. 1946இல் நெறிமுறை தளர்ந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனத்தின் 'டு தி எண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' வந்தபோது, அதில் ஆன்ஸ்லிங்கர் ஆன்ஸ்லிங்கராகவே தோன்றினார். ஷாங்காய், எகிப்து, ஹவானா என்று அபின் தடத்தைத் துரத்தும் அதிகாரியாக டிக் பவல் நடித்தார். ஊர் ஊராக அலைந்தும் அந்த அதிகாரியின் மனசில் ஒரு சலனமும் இல்லை. குற்றம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அரசாங்கம் அதைத் தடுக்கிறது, அவ்வளவுதான் கதை. இலாகாவின் ஆண்டறிக்கைக்கு நடிகர்களைப் போட்டு எடுத்ததுபோல் இருக்கும். அடுத்த ஆண்டு வந்த 'போர்ட் ஆஃப் நியூயார்க்' யூல் பிரின்னரின் முதல் படம் என்பதற்காக இன்று நினைக்கப்படுகிறது. அதிலும் அதிகாரிகளின் கை சுத்தம்.

அதற்குப் பிறகு முக்கியமான காட்சிகள் நீதிமன்றத்தில் நடந்தன. 1966ஆம் ஆண்டு லூயிஸ் வழக்கில், ஒரு கூட்டாட்சி அதிகாரி தன்னை வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டு போன் போட்டு, விற்பவரின் வீட்டுக்கே போய் மரிஜுவானா வாங்கினார். வாரண்ட் இல்லாமல் பொய் சொல்லி வீட்டுக்குள் நுழைந்தது சரியா என்று கேட்டார்கள். வீட்டைக் கடையாக்கி அழைத்தவர் அதை ஆட்சேபிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1973ஆம் ஆண்டு ரஸ்ஸல் வழக்கு இன்னும் ஒரு படி போனது. மெத்தாம்ஃபெட்டமின் தயாரிக்கத் தேவையான, எளிதில் கிடைக்காத ஒரு ரசாயனத்தை மாறுவேட அதிகாரியே கொண்டுவந்து கொடுத்தார். 5க்கு 4 என்ற கணக்கில் தண்டனை நின்றது. 1976ஆம் ஆண்டு ஹாம்ப்டன் வழக்கில், ஹெராயினைக் கொடுத்தது அரசுத் தரப்பு இன்ஃபார்மர் என்றும் அதை வாங்கியது அரசு அதிகாரிகள் என்றும் குற்றம் சாட்டப்பட்டவர் வாதாடினார். அப்படியே இருந்தாலும் தண்டனை செல்லும் என்றார்கள். சரக்கும் அரசாங்கத்தினுடையது, பணமும் அரசாங்கத்தினுடையது. இடையில் கைமாற்றிவிட்டவர் மட்டும் சிறைக்குப் போனார். இந்தக் கதையை எந்த ஸ்டுடியோவும் அன்று படமாக்கவில்லை.

1971 ஜூனில் அதிபர் நிக்ஸன் போதைப்பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் வில்லியம் ஃப்ரீட்கினின் 'தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' வெளியாகி, சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர்களை வாங்கியது. எடி ஈகன், சானி கிராசோ என்ற இரண்டு நியூயார்க் துப்பறிவாளர்களின் 1961–62 காலத்து வழக்குதான் மூலம். தொடக்கத்தில் ஜீன் ஹேக்மன் சாண்டா கிளாஸ் வேடத்தில் குழந்தைகளோடு நிற்கிறார். அடுத்த நிமிடமே ஒரு கறுப்பின இளைஞனைத் துரத்திப் பிடித்து உதைக்கிறார். உதை வாங்கியவனின் கதை அந்தக் காட்சியோடு முடிந்துவிடுகிறது. 1973இல் டிஇஏ என்ற புதிய போதைப்பொருள் தடுப்பு இலாகா பிறந்தது. ஆனால் படத்தை விஞ்சிய விஷயம் 1972 டிசம்பரில் அம்பலமாகியிருந்தது: நிஜ வழக்கில் பிடித்த ஹெராயின், நியூயார்க் போலீஸின் சொத்து அறையிலிருந்தே திருடப்பட்டு, அதன் இடத்தில் மாவுப் பொட்டலங்கள் இருந்தன.

இந்த அழுகலை முழு நீளத்தில் எடுத்தவர் சிட்னி லூமெட். அவருடைய 'பிரின்ஸ் ஆஃப் த சிட்டி' (1981), நியூயார்க் சிறப்புப் புலனாய்வுப் பிரிவின் ராபர்ட் லூசி தன் சகாக்களுக்கு எதிராகவே உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு திரிந்த கதை. ஆவண நயத்தில் இதற்கு நிகரான படம் இந்த வகையில் இல்லை என்பது என் கணிப்பு. அதில் ஒரு மழை இரவு. சரக்கில்லாமல் துடிக்கும் இன்ஃபார்மர் ஒருவன் போன் போட்டுக் கெஞ்சுகிறான். படத்தில் லூசியின் இடத்தில் வரும் டேனி சியெல்லோ காரை எடுத்துக்கொண்டு போய், தெருவில் இன்னொரு போதை அடிமையைத் துரத்தி அடித்து, அவனிடமிருப்பதைப் பிடுங்கி இவனுக்குக் கொடுக்கிறான். பிறகு மனசு கேட்காமல், பிடுங்கப்பட்டவனைக் காரில் ஏற்றி வீட்டில் விடப் போகிறான். அங்கே அந்த அடிமை தன்னோடு வாழும் பெண்ணை அடிக்கிறான். துப்பு எப்படிக் கிடைக்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை ஒரே இரவில் காட்டிவிட்டார் லூமெட். படம் பெரிதாக ஓடவில்லை.

ஓடியது வேறொன்று. 1984 செப்டம்பர் 16 அன்று என்பிசியில் 'மயாமி வைஸ்' தொடங்கியது. கடத்தல்காரர்களிடம் பறிமுதலான சொத்தைப் போலீஸே வேடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம் தன்னை ஈர்த்ததாக அதை உருவாக்கிய அந்தனி யெர்கோவிச் சொல்லியிருக்கிறார். தொடர் வந்து ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 12 அன்று, ரீகன் விரிவான குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பறிமுதல் வருமானத்தைக் கூட்டாட்சி இலாகாக்களே வைத்துக்கொள்ளவும் உள்ளூர்ப் போலீஸுக்குப் பங்கு கொடுக்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது. இனி ரெய்டு என்பது வரவும்கூட. வெள்ளை கோட்டு, படகு, ஃபெராரி என்று தொடரின் மாறுவேடப் போலீஸ் சானி கிராக்கெட் உலவியதற்கு இப்படி ஒரு வரவுசெலவுக் கணக்கு பின்னால் இருந்தது. (முதல் இரண்டு பருவங்களில் வந்த கறுப்பு ஃபெராரி டேடோனாவே போலி, கார்வெட்டின் சேஸிஸ் மேல் கட்டியது. ஃபெராரி நிறுவனம் அந்த நகலைச் செய்தவர்மேல் வழக்குப் போட்டது. மூன்றாம் பருவத் தொடக்கத்தில் கார் ஏவுகணையில் சிதறியது.) 1988இல் கிராக்கெட் நினைவிழந்து, தான் நடித்துவந்த கடத்தல்காரன் பர்னெட்தான் தான் என்று நம்பி வாழ்கிறான். இந்த வகையின் மையக் கவலை இவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் வந்ததில்லை. ஆனால் அதை மறதி நோயாக்கியதால் பொறுப்பு யார் தலையிலும் விழாமல் நழுவிவிடுகிறது.

தொலைக்காட்சியில் இது ஓடிக்கொண்டிருந்தபோதே 1986ஆம் ஆண்டுச் சட்டம் 5 கிராம் கிராக் கோகெய்னுக்கு 5 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனை என்றது. பொடியாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். 1989 செப்டம்பர் 5 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் ஓவல் அலுவலகத்திலிருந்து பேசும்போது ஒரு கிராக் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, இது வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள பூங்காவில் வாங்கியது என்றார். அந்தக் காட்சிக்காகவே டிஇஏ ஆட்கள் ஒரு பள்ளி மாணவனை லாஃபயெட் பூங்காவுக்கு வரவழைத்தார்கள் என்று பிறகு 'வாஷிங்டன் போஸ்ட்' வெளியிட்டது. வெள்ளை மாளிகை எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டிருக்கிறான். பூங்கா விற்பனைக் குற்றச்சாட்டில் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. மற்ற விற்பனைகளுக்காக அவனுக்கு 10 ஆண்டு கிடைத்தது. மாறுவேடப் போலீஸ் நாடகங்களில் அதிகம் பேர் பார்த்தவற்றுள் இதையும் சேர்க்கலாம். திரைக்கதை முன்பே எழுதப்பட்டிருந்தது. வில்லனை மட்டும் அழைத்துவந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் இரண்டு கசப்பான படங்கள் வந்தன. லில்லி ஃபினி ஸானக்கின் 'ரஷ்' (1991), டெக்சாஸில் மாறுவேடப் போலீஸாக இருந்து, பின்னர் அது தொடர்பாகவே சிறை சென்ற கிம் வோசன்கிராஃப்டின் நாவலிலிருந்து பிறந்தது. நம்பிக்கை பெறுவதற்காகப் போதை எடுத்து அடிமையாகும் இரண்டு காவலர்கள், மேலிடத்துக்கு வேண்டிய ஆளைப் பிடிக்கச் சாட்சியத்தையே ஜோடிக்கிறார்கள். இதே பயத்தை 1977இலேயே ஃபிலிப் கே. டிக் 'அ ஸ்கேனர் டார்க்லி' நாவலில் அறிவியல் புனைவாக எழுதியிருந்தார்: முகம் தெரியாத உடை அணிந்த அதிகாரிக்கு, தன்னையே வேவு பார்க்கும் வேலை தரப்படுகிறது. அவன் மூளை சிதைவது விபத்தல்ல. துறையே அவனைப் பலியாக்குகிறது.

பில் டியூக்கின் 'டீப் கவர்' (1992) இவற்றைவிடக் கூர்மையானது. தொடக்க நேர்காணலில் டிஇஏ அதிகாரி கார்வர், கறுப்பினக் காவலர்கள் ஒவ்வொருவரிடமும் நிறத்தைக் கேவலப்படுத்தும் ஒரே கேள்வியைக் கேட்கிறான். ஒருவர் நெளிகிறார், ஒருவர் சட்டையைப் பிடிக்கிறார். பதறாமல் பதில் சொல்லும் லாரன்ஸ் ஃபிஷ்பர்னுக்கு வேலை கிடைக்கிறது. பிறகு அவன் ஆட்களைக் கொன்று மேலே ஏறி முக்கியப் புள்ளியை நெருங்கும் நேரத்தில், வெளியுறவு நலன் கருதி வழக்கைக் கைவிடச் சொல்கிறார்கள். 1948இல் ஷாங்காயிலும் ஹவானாவிலும் இருந்த எதிரி இப்போது வாஷிங்டனின் நண்பன். படம் வந்தது ஏப்ரல் 15 அன்று. இரண்டு வாரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் எரிந்தது. இந்தப் படத்துக்கு அது தீர்க்கதரிசனப் பெயர் வாங்கிக் கொடுத்தாலும், அதன் பலம் அந்த நேர்காணல் அறையில்தான் இருக்கிறது.

ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) கும்பலுக்குள் ஒரு போலீஸ், போலீஸுக்குள் ஒரு கும்பல்காரன் என்று இரட்டைப் பூட்டுப் போட்டது. ஸ்கோர்செஸி அதை 'தி டிபார்ட்டட்' (2006) ஆக்கினார். தமிழில் லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) அந்த இரட்டை ஒற்றர் வடிவத்தை ஒரே இரவுக்குள் அடக்கியது. இந்தப் படங்களில் போதைப்பொருள் கதையை முடுக்கும் சரக்கு மட்டுமே. அதை உட்கொள்பவர் யாரும் நினைவில் நிற்பதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போனது எச்பிஓவின் 'தி வயர்' (2002–2008). எழுதிய டேவிட் சைமன் பால்டிமோரில் நிருபராக இருந்தவர். எட் பர்ன்ஸ் அங்கே துப்பறிவாளராக இருந்தவர். முதல் பருவத்தில் பபிள்ஸ் என்ற போதை அடிமை தொப்பி விற்பவன்போல் தெருமுனைக்கு வருகிறான். போலீஸுக்கு வேண்டிய ஆளின் தலையில் ஒரு சிவப்புத் தொப்பியை வைத்துப் பார்த்து விலை பேசுகிறான். எதிர் மாடியிலிருந்து துப்பறிவாளர் கீமா கேமராவை அழுத்துகிறாள். வேடம் போட்ட அதிகாரி இருந்த இடத்துக்கு, கையில் காசில்லாத இன்ஃபார்மர் வந்துவிட்டான். ஐந்து பருவமும் அவன் கதை தொடர்கிறது.

அதே காலத்தின் நிஜ வழக்கு ஒன்று. டெக்சாஸின் டூலியா, அப்போது ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த ஊர். 1999 ஜூலையில் அங்கே ஒரே ஒரு மாறுவேட அதிகாரியின் வாய்வார்த்தையை நம்பி 46 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஒலிப்பதிவோ வீடியோவோ இல்லை, உடன் பார்த்த சாட்சியும் இல்லை. அந்த அதிகாரிக்கு மாநில விருது கிடைத்தது. 2003இல் ஆளுநர் ரிக் பெர்ரி 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். பொய்ச்சாட்சி சொன்னதாக 2005இல் அதிகாரிக்கே தண்டனை வந்தது. அவருக்கு மனப்போராட்டம் இருந்ததோ இல்லையோ, இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அது தேவைப்படவில்லை.

ஆயினும் படங்கள் அதையே தேடிப் போயின. 2016இல் வந்த 'தி இன்ஃபில்ட்ரேட்டர்', சுங்க அதிகாரி ராபர்ட் மேஸர் கடத்தல் பணத்தை வெளுக்கும் வணிகராக நடித்து பிசிசிஐ வங்கிவரை எட்டிய கதை. 1988இல் ஃபுளோரிடாவில் ஒரு போலித் திருமணத்துக்கு அழைத்து ஆட்களைக் கைது செய்ததுதான் உச்சக்கட்டம். வங்கிக் கணக்குகளில் ஓடிய பணத்தைவிட, நண்பரைக் காட்டிக்கொடுக்கும் வருத்தத்தில் படம் அதிக நேரம் செலவிடுகிறது.

2013இல் பிடிபட்ட சில்க் ரோடு இணையச் சந்தை வழக்கில் மாறுவேடமே இணையப் பெயராகச் சுருங்கியது. டிஇஏவின் கார்ல் ஃபோர்ஸ், பெரிய கடத்தல்காரர்போல் 'நாப்' என்ற பெயரில் சந்தையின் முதலாளி ராஸ் உல்பிரிக்டோடு பேசினார். கூடவே துப்பு விற்று, பிட்காயினைத் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். 2015இல் அவருக்கு 78 மாதச் சிறை. விசாரணையில் இருந்த சீக்ரெட் சர்வீஸ் அதிகாரி ஒருவரும் தனியாகத் திருடிப் பிடிபட்டார். இது 'சில்க் ரோடு' (2021) படமானபோது, ஜேசன் கிளார்க் ஏற்ற பாத்திரத்துக்குப் பெயரையும் ஆளையும் மாற்றினார்கள்: கம்ப்யூட்டரே தெரியாத, ஓரங்கட்டப்பட்ட, தெருவில் பழகிய பழைய போலீஸ்காரர். சட்டை கசங்கி, கண் சிவந்து, 1971இன் நியூயார்க்கிலிருந்து நேராக நடந்துவந்தவர்போல இருக்கிறார்.