சுவான்சௌ நகரில் ஒரு பகல்

மலாக்கா நகரை விட்டு வடமேற்கே கடலோரச் சாலையில் செல்வோர் முதலில் கிளேபாங்கையும், அதனைக் கடந்தால் தஞ்சோங் கிளிங்கையும் காண்பர். தஞ்சோங் என்பது கடலுக்குள் நீண்ட நிலமுனை. கிளிங் என்பது இந்நாட்டார் முன்னாளில் தென்னிந்திய வணிகரைச் சுட்டிய பெயர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் அடியாக அது பிறந்தது என்பர் அறிஞர். பிற்காலத்தில் இழிபொருள் ஏறியமையால் இன்று அச்சொல்லைக் கேட்கவே நம்மவர் கூசுகின்றனர். ஆயினும் முனையின் பெயரில் அது பழம்பொருளோடு நிலைத்துவிட்டது. கிளேபாங் கடற்கரையில் நின்று நீரிணையை நோக்கும் மாணவன், தமிழகத்துக் கலங்கள் இவ்வழியே வந்தன என்று பாடநூலில் படித்திருப்பான். வந்த கலங்கள் இங்கேயே நின்றுவிட்டனவா, இதற்கு அப்பாலும் சென்றனவா என்னும் வினா அவனுக்கு எழுமாயின், அதற்கு விடையாகும் கற்கள் சீன நாட்டின் பூச்சியான் மாநிலத்தில் உள்ள சுவான்சௌ நகரில் கிடக்கின்றன.

மலாக்காவுக்குச் சுவான்சௌ அயலூர் அன்று. இங்குள்ள ஹொக்கியன் மக்களில் பலருடைய முன்னோர் அந்நகரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் கப்பலேறியவர்கள். அவர்கள் வழக்கில் அது 'சுவான்சியு'. சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்கு ஹொக்கியன் பேசத் தெரிந்த மலாக்காத் தமிழர் சுவான்சௌ கடைத்தெருவில் விலை பேசிவிடலாம். அரபு வணிகரோ அந்நகரைச் 'சைத்தூன்' என்றழைத்தனர். நகர மதிலைச் சுற்றி நெருக்கமாக நடப்பெற்றிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயரே இவ்வாறு திரிந்தது. அம்மரம் எது என்று வினவினால், செந்நிறப் பூவும் முள்ளும் உடைய கல்யாண முருங்கை, மலாய்க்காரர் டெடாப் என்று கூறும் அதே மரம் என்பது தெரியவரும். நம் வேலியோரத்து மரம் ஓர் உலகத் துறைமுகத்துக்குப் பெயரீந்தது என்பதைத் தாவரப் பாடம் நடத்தும் ஆசிரியரும் குறித்துக்கொள்ளலாம்.

சோங்கு அரசு 1087ஆம் ஆண்டில் அங்கே கடல்வாணிக அலுவலகம் ஒன்றை நிறுவியது. அதற்கு முன்னரே சோழர் தூதுவர் சீன அரசவைக்குச் சென்று வந்துள்ளனர். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சென்ற தூதுகளைச் சீன ஏடுகள் குறிக்கின்றன. 1088இல் சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைச் சீனத்தை நோக்கிச் செலுத்தும். வடகிழக்குக் காற்று அவற்றை மீட்டுக் கொணரும். சுவான்சௌவுக்கு அருகில் உள்ள சியூரி மலையில் அரசு அலுவலர்கள் கலங்களுக்கு நற்காற்று வேண்டி வழிபட்ட செய்திகள் பாறைகளில் செதுக்கப்பட்டுள்ளன. காற்றுக்காகக் கையேந்தியதில் கப்பலோட்டியும் அமைச்சனும் ஒன்றே.

இந்நகரைக் காணச் செல்லும் தமிழர், பெருங்கூட்டத்தோடு பேருந்தில் சென்று இறங்குவதைவிடத் தமக்கென ஒரு வழிகாட்டியை ஒரு பகல் அமர்த்திக்கொள்வது நன்று. காரணம் எளியது. கூட்டத்தை நடத்திச் செல்லும் வழிகாட்டி காட்டுவதற்கென்று ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையில் தமிழர்க்கு உரியவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அமர்த்தும்போதே இன்ன கோயிலின் பின்புறம், இன்ன கல், இன்ன சிற்றூர் எனக் குறித்துச் சொல்லிவிடுதல் வேண்டும். சொல்லாமற் சென்றவர்கள் இரட்டைக் கோபுரத்தின் முன் நிழற்படம் எடுத்துக்கொண்டு, தம் முன்னோரின் தூணுக்குப் பத்தடி முன்னால் நின்று திரும்பியிருக்கின்றனர்.

பகற்பொழுது பெரும்பாலும் கையுவான் கோயிலில் தொடங்கும். 686ஆம் ஆண்டில் தோன்றிய பௌத்தக் கோயில் அது. முசுக்கட்டைத் தோட்டத்துக்கு உரியவன் ஒருவன், மரங்களில் வெண்டாமரை மலர்ந்தால் நிலத்தைத் தருவேன் என்று துறவியிடம் சொன்னான் என்றும், அவ்வாறே மலர்ந்தது என்றும் வழிகாட்டி கதை கூறுவார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் எடுக்கப்பெற்ற இரு கோபுரங்களையும் காட்டுவார். இவையெல்லாம் காணத்தக்கவையே. ஆனால் தமிழ் மாணவன் தலைமை மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறத் தாழ்வாரத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. தூணின் பட்டைகளில் வட்டங்களுக்குள் சிறு சிறு சிற்பங்கள். உற்று நோக்கினால், இரணியனை மடியிற் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிங்கம் தெரியும். உரலில் கட்டுண்ட கண்ணன் இரு மரங்களுக்கு இடையே தவழ்ந்து அவற்றைச் சாய்க்கும் காட்சியும் தெரியும். மண்டபத்து மேடையின் அடிப்பகுதியில் சிங்க உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட கற்கள் பதிக்கப்பட்டுள்ளன.

பௌத்தக் கோயிலில் கண்ணனுக்கு என்ன வேலை என்று எவரும் கேட்பர். தூண்கள் அக்கோயிலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. வேறோரிடத்தில் இருந்து அழிந்த இந்துக் கோயிலின் உறுப்புகள் அவை. மிங்கு அரசர் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் கிடைத்த நல்ல கல்லை வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டனர். இத்தகைய சிற்பக் கற்கள் முந்நூறுக்கும் மேல் நகரெங்கும் கிடைத்துள்ளன. யானை ஒன்று துதிக்கையால் மலரெடுத்துச் சிவலிங்கத்துக்குச் சூட்டும் கல்லும் அவற்றுள் ஒன்று. திருவானைக்காவின் கதையை அறிந்த நமக்கு அதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. சீன வழிகாட்டிக்கு நாம்தாம் விளக்க வேண்டியிருக்கும். வழிகாட்டப் போனவர் வழிகாட்டப்படும் அந்தச் சிறு மாற்றத்திற்காகவே அந்த ஒரு நாட்செலவு தகும்.

ஒன்றை ஈண்டு மறைக்காமற் சொல்லுதல் நேர்மை. இச்சிற்பங்களைச் செதுக்கிய கைகள் தமிழ்ச் சிற்பியருடையவை என்று மேடைகளில் முழங்குவோர் உளர். கல்லின் இனமும் வேலைப்பாட்டின் போக்கும் உள்ளூர்ச் சீனச் சிற்பியரைச் சுட்டுகின்றன என்பதே ஆய்வாளர் பலர் கருத்து. கருத்தும் அமைப்பும் தமிழகத்தவை, உளி சீனத்தது. வணிகர் தம் தெய்வத்தின் வடிவை எடுத்துரைக்க, அவ்வடிவை முன்பின் கண்டிராத கற்றச்சன் செதுக்கினான். அவ்வாறு கொள்வதால் நம் பெருமை குறையாது. செய்தி இன்னும் சுவையுடையதாகின்றது.

தூண்கள் பேசாதவற்றைப் பேசும் கல் ஒன்று 1956இல் அந்நகரில் கிடைத்தது. அது தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள் என்று அதில் காலம் குறிக்கப்பட்டுள்ளது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கி.பி. 1281 வரும். சோங்கு அரசு முற்றும் வீழ்ந்தது 1279இல். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்டது இக்கல். தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைக்கானின் ஆணைப்படி, அக்கானின் திருமேனி நலம்பெறும் பொருட்டு, சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. செகசைக்கான் என்றது 1260 முதல் 1294 வரை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானை என்பர். அவனுக்குரிய 'செச்சன்' என்னும் மங்கோலியப் பட்டமே தமிழ் நாவில் இவ்வாறாயிற்று. கோயிலின் பெயரைத் திருக்கானீச்சுரம் என்று படிக்கும் அறிஞர் உளர். அப்படிப்பு சரியாயின், இராசராசன் பெயரால் இராசராசேச்சுரம் அமைந்தது போலக் கானின் பெயரால் ஈச்சுரம் அமைந்தது எனலாம். அரசாணையைக் குறிக்கக் கல்வெட்டில் வருவது 'பர்மான்' என்னும் பாரசீகச் சொல். கல்லின் இறுதியில் சீன எழுத்தில் ஒரு வரி. மங்கோலியப் பட்டம், பாரசீகச் சொல், தமிழ் வாசகம், சீன வரி என நான்கு மொழி கலந்த இச்சிறு கல்லைவிட, அக்காலத் துறைமுக வாழ்வை எந்த நூலும் தெளிவாகக் காட்டிவிட முடியாது.

இக்கல்லைக் காட்டித் தமிழர் சீனத்தை ஆண்டனர் என்று எழுதியோரும் இலர் அல்லர். கல்லை மீண்டும் படித்தால் அதன் குரல் வேறாக ஒலிக்கும். அயல்நாட்டில் பிழைக்கச் சென்ற குடியினர், புதிதாக அந்நகரைக் கைக்கொண்ட அரசனின் ஒப்புதலைப் பெற்று, அவன் உடல்நலத்தை வேண்டித் தம் கோயிலை எழுப்பிக்கொள்கின்றனர். ஆள்பவனின் குரல் அன்று அது; அண்டி வாழ்பவனின் குரல். இந்நாட்டில் ஒரு துண்டு நிலத்திற்காக அலுவலகந்தோறும் விண்ணப்பத்தோடு நடந்த கோயிற் செயலவைகளுக்கு அக்குரல் மிகவும் பழக்கமானது.

கையுவான் கோயில் வளாகத்திலேயே 1974இல் அகழ்ந்தெடுத்த சோங்கு காலக் கப்பலின் அடிப்பாகம் வைக்கப்பட்டுள்ளது. பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பெற்றது அது. ஓரறையில் நீர் புகுந்தாலும் கலம் முழுதும் மூழ்காதிருக்கவே அவ்வாறு தடுத்தனர். நறுமண மரங்களும் மிளகும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. 1009இல் எழுந்த சிங்சிங் பள்ளிவாசலையும், 1059இல் முடிவுற்ற லோயாங் கற்பாலத்தையும் வழிகாட்டி தவறாமற் காட்டுவார். பாலத்தின் அடிக்கற்கள் ஒன்றோடொன்று இறுகுதற்கு அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்தனர் என்பது அங்குக் கேட்டு மகிழத்தக்க செய்தி.

இனி, கோயில் எவ்வாறு அழிந்தது? 1357 முதல் 1366 வரை பாரசீகப் படையினரின் கிளர்ச்சியால் அந்நகர் அலைப்புண்டது. கிளர்ச்சி அடங்கியபோது அயல்நாட்டார் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் வழிபாட்டிடங்களும் அழிவுற்றன. 1368இல் ஆட்சிக்கு வந்த மிங்கு அரசர் தனியார் கடல் வாணிகத்தைத் தடுத்தனர். கலங்கள் நின்றன, கலங்களை நம்பியவர்களும் மறைந்தனர். கோயிற் கற்கள் நகர மதிலுக்குள்ளும், வீட்டுச் சுவர்களுக்குள்ளும், வயல் வரப்புக்குள்ளும் புகுந்துகொண்டன.

அவை மீண்டும் வெளிப்பட்ட வரலாறு ஓர் ஆசிரியரின் வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாலை அமைக்கவும் பிற தேவைகளுக்கும் மதிலை இடித்தனர். இடிந்த மதிலிலிருந்து புரியாத எழுத்தும் புரியாத உருவமும் கொண்ட கற்கள் உருண்டன. கற்றச்சர் அவற்றை உடைத்துப் புதுக்கல்லாக்கி விற்றனர். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியராகிய ஊ வென்லியாங் என்பவர் அக்கற்களைத் தேடித் தேடித் தம் கைப்பொருள் கொடுத்து வாங்கினார். அவற்றில் இருந்த அரபு எழுத்தோ தமிழ் எழுத்தோ அவர் கற்றவை அல்ல. அவர் வணங்கிய தெய்வங்களும் அல்ல அவை. ஆயினும் உடைபடத் தகாதவை என்று அவருக்குத் தோன்றியது. பல்லாண்டு சேர்த்தவற்றை நாட்டுக்கு வழங்கினார். 1957இல் அவற்றைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். 1959இல் அங்கே கடல்வழித் தொடர்பு வரலாற்று அருங்காட்சியகம் எழுந்தது. பகற்பயணத்தில் இரண்டு மணி நேரத்தையேனும் அதற்கு ஒதுக்குதல் வேண்டும். வழிகாட்டியிடம் ஊ வென்லியாங்கின் பெயரைச் சொன்னால் அவர் முகம் மலரக் காணலாம். தமிழ் ஆசிரியர் ஒருவரும் அறியாதிருந்த காலத்தில், ஒரு சீன ஆசிரியர் தம் சம்பளப் பணத்தால் காத்த கற்கள் அவை.

எதிர்த்திசையில் ஒரு கணக்கும் உண்டு. சுவான்சௌவிலிருந்து கப்பலேறிய வாங் தாயுவான் என்னும் பயணி, 1349இல் எழுதிய நூலில், தமிழகக் கரையில் செங்கற் கோபுரம் ஒன்று இருந்ததையும், 1267இல் அது கட்டி முடிந்ததாகச் சீன எழுத்து அதில் இருந்ததையும் கூறுகின்றார். நாகப்பட்டினத்தில் இருந்த அக்கோபுரம் 'சீனக் கோபுரம்' என்றே வழங்கிவந்தது. 1867இல் அதனை இடித்துவிட்டனர். அதன் எழுத்துக் கல்லை விலை கொடுத்து வாங்கிவைக்க நம் பக்கத்தில் ஓர் ஊ வென்லியாங் இருந்திலர்.

சுவான்சௌவில் அரபியர் வழிவந்த டிங்கு குடியினர் இன்றும் தம் குலவரலாற்று ஏட்டைப் போற்றி வைத்துள்ளனர். சம்பந்தப் பெருமாளோடு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் என்னவாயின என்பதைக் கற்கள் சொல்லவில்லை. மலாக்காவின் கதை வேறு. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தில் இருந்த நான்கு சபண்டார்களுள் ஒருவர் கிளிங் வணிகரையும், மற்றொருவர் சீன வணிகரையும் மேற்பார்த்தனர். அத்தமிழ் வணிகரின் வழியினராகிய மலாக்காச் செட்டிகள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கின்றனர். வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். தமிழ் அவர்கள் நாவிலிருந்து பல தலைமுறைக்கு முன்பே நழுவிவிட்டது. ஆயினும் பொங்கலும் மாரியம்மன் விழாவும் தவறுவதில்லை. அங்கே கல் மட்டும் எஞ்சியது. இங்கே மொழி போய் மக்கள் எஞ்சினர். எது பேரிழப்பு என்று வகுப்பறையில் கேட்டுப் பார்க்கலாம். மாணவர் ஒரே விடை சொல்லமாட்டார்கள்.

பொழுது சாயுமுன் வழிகாட்டியை ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லச் சொல்லுதல் வேண்டும். நகருக்கு வெளியே சிதியன் என்னும் சிற்றூரில் ஒரு சிறு கோயில் உள்ளது. உள்ளே நான்கு கைகளுடன் அமர்ந்த கல்லுருவம் ஒன்று. பார்த்த அளவில் அது நம் நாட்டுத் தெய்வ வடிவம் என்று தெரிந்துவிடும். ஊர்மக்களுக்கோ அவள் குவான்யின் அம்மை, அருள்பாலிக்கும் தாய். ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பி, பிள்ளைகளின் நலத்தை வேண்டிச் செல்கின்றனர்.

மலாக்காவில் அதே குவான்யின் அம்மைக்குச் செங் ஹூன் தெங் என்னும் பழங்கோயில் உண்டு. அதன் வாயிலிலிருந்து பள்ளிவாசலைக் கடந்து சில அடி நடந்தால், 1781இல் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில். ஊதுவத்திப் புகை அத்தெருவில் எந்த வாயிலிலிருந்து வருகிறது என்பது, காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது.