கழுத்தெலும்பு முறிந்த 7 மாதங்களில் ஒலிம்பிக் பதக்கம்: ஆஸ்திரேலிய மிதிவண்டி வீராங்கனை அன்னா மியர்ஸ்

ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்தில் 11 உலகப் பட்டங்களையும் 6 ஒலிம்பிக் பதக்கங்களையும் வென்றவர் ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸ். தங்கம் வென்று தந்த பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும், விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த பின்னரும் அவர் மீண்டும் பதக்க மேடை ஏறினார். தொடர்ந்து 4 ஒலிம்பிக் போட்டிகளில் தனிநபர் பிரிவில் பதக்கம் வென்ற முதல் ஆஸ்திரேலியர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

நிலக்கரி நகரத்திலிருந்து...

குயின்ஸ்லாந்து மாகாணத்தின் நிலக்கரிச் சுரங்க நகரமான பிளாக்வாட்டரில் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி பிறந்தவர் அன்னா. தந்தை சுரங்கத் தொழிலாளி. 1994 காமன்வெல்த் போட்டியில் ஆஸ்திரேலிய வீராங்கனை கேத்தி வாட் பங்கேற்றதைத் தொலைக்காட்சியில் கண்ட பின்னர், அன்னாவும் அவரது அக்கா கெர்ரியும் மிதிவண்டிப் பந்தயத்தில் ஆர்வம் கொண்டனர். ஓடுதளத்தில் பயிற்சி பெற வேண்டுமெனில் கடலோர நகரமான மெக்கேவுக்கு சில மணி நேரம் காரில் செல்ல வேண்டியிருந்தது. கெர்ரியும் பின்னாளில் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்.

ஏதென்ஸில் உலக சாதனை

ஓடுதளப் பந்தய மிதிவண்டிக்கு பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். சரிவாக உயர்ந்து நிற்கும் ஓடுதளத்தில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, 250 மீட்டர் சுற்றை இருமுறை தனியாகக் கடப்பதே மகளிர் 500 மீட்டர் நேரப் பந்தயம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இத்தூரத்தை 33.952 விநாடிகளில் கடந்து, உலக சாதனையுடன் தங்கம் வென்றார் அன்னா. அப்போது அவருக்கு வயது 20. ஸ்பிரிண்ட் பிரிவிலும் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.

ஆனால், அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயமே இடம்பெறவில்லை. பி.எம்.எக்ஸ். பந்தயத்துக்கு இடமளிப்பதற்காக, ஆடவர் 1 கி.மீ. நேரப் பந்தயமும் மகளிர் 500 மீட்டர் நேரப் பந்தயமும் நீக்கப்பட்டன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குறுந்தூர வேகப் பிரிவில் ஆடவருக்கு 3 பந்தயங்கள் இருந்த நிலையில், மகளிருக்கு ஸ்பிரிண்ட் ஒன்றே எஞ்சியது. நடப்பு சாம்பியனான அன்னாவுக்கு அதில் போட்டியிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நூலிழையில் தப்பிய உயிர்

பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு 7 மாதங்களே இருந்த நிலையில், 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியின்போது மணிக்கு சுமார் 65 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருந்த அவர் கீழே விழுந்தார். கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பு முறிந்தது, தோள்மூட்டு விலகியது, உடலில் சிராய்ப்புக் காயங்கள் ஏற்பட்டன. எலும்பு முறிவு இன்னும் 2 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் உயிரிழப்போ, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழப்போ நேர்ந்திருக்கும் என்று கூறப்பட்டது.

கழுத்துப் பட்டையுடன் இருந்தபோதே நிலையான மிதிவண்டியில் அமர்ந்து பயிற்சியைத் தொடங்கினார் அன்னா. ஒலிம்பிக் ஸ்பிரிண்ட் போட்டிக்கு கடைசி வீராங்கனையாகத் தகுதி பெற்று, பெய்ஜிங்கில் இறுதிச்சுற்று வரை முன்னேறினார். அதில் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டனிடம் தோல்வியுற்றாலும், வெள்ளிப் பதக்கம் அவர் வசமானது.

தில்லியில் 3 தங்கம்

இந்தியாவுக்கும் அன்னாவின் சாதனைப் பட்டியலில் இடமுண்டு. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில், இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் புதிய ஓடுதளத்தில் 500 மீட்டர் நேரப் பந்தயம், ஸ்பிரிண்ட், குழு ஸ்பிரிண்ட் ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப் போட்டியிலும் ஸ்பிரிண்ட், குழு ஸ்பிரிண்ட், கெய்ரின் ஆகிய 3 பிரிவுகளில் பட்டம் வென்றார்.

லண்டன் இறுதிச்சுற்று

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடவருக்கும் மகளிருக்கும் தலா 5 ஓடுதளப் பந்தயங்கள் என்ற சமநிலை ஏற்பட்டது. ஸ்பிரிண்ட் இறுதிச்சுற்றில் அன்னாவும் பெண்டில்டனும் மீண்டும் மோதினர். சொந்த மண்ணில் களமிறங்கிய பெண்டில்டனுக்கு அதுவே கடைசிப் பந்தயம். அவரைப் போலவே மிதிவண்டி செலுத்தும் ஓர் ஆண் வீரருடன் போட்டியிட்டு அன்னா முன்கூட்டியே பயிற்சி பெற்றிருந்தார்.

முதல் ஓட்டத்தில் பெண்டில்டன் 0.001 விநாடி வித்தியாசத்தில் முந்தினார். எனினும், தமது பாதையிலிருந்து விலகியதாக நடுவர்கள் அறிவித்ததால் அந்த ஓட்டம் அன்னாவுக்குச் சென்றது. இரண்டாவது ஓட்டத்தில், மிதிவண்டியை ஏறக்குறைய அசையாமல் நிறுத்தி, பெண்டில்டனை முன்னே செல்ல வைத்தார் அன்னா. பின்னால் வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவு. எதிராளியின் நகர்வையும் கண்காணிக்கலாம். கடைசிச் சுற்றில் முந்திச் சென்று, 2-0 என்ற கணக்கில் தங்கம் வென்றார். குழு ஸ்பிரிண்டில் கார்லி மெக்கல்லக்குடன் இணைந்து வெண்கலமும் பெற்றார்.

ஓய்வும் புதிய பொறுப்பும்

2013 டிசம்பரில் மெக்ஸிகோவின் அகுவாஸ்கலியென்டஸ் நகரில் 500 மீட்டர் தூரத்தை 32.836 விநாடிகளில் கடந்து, 33 விநாடிகளுக்குள் முடித்த முதல் பெண் ஆனார். 2015-இல் கெய்ரின் பிரிவில் 11-ஆவது உலகப் பட்டத்தை வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆஸ்திரேலியக் கொடியை ஏந்திச் சென்ற அவர், கெய்ரினில் வெண்கலத்துடன் ஒலிம்பிக் வாழ்வை நிறைவு செய்து, அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார். பிரிஸ்பேனில் உள்ள ஓடுதள அரங்குக்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமைப் பொறுப்பாளராக இருந்தவரும் அன்னாதான். அதில் அந்நாடு 18 தங்கங்களை வென்றது. ஓர் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா பெற்ற அதிகபட்ச தங்க எண்ணிக்கை இதுவே. அவருக்கு முதல் தங்கத்தைத் தந்த 500 மீட்டர் நேரப் பந்தயம் மட்டும் ஒலிம்பிக்குக்கு இன்னும் திரும்பவில்லை.