உணவு மேசையும் மனித மானமும்

ஒரு நாட்டின் வரலாறு அரியணைகளிலும் போர்க்களங்களிலும் மட்டுமே எழுதப்படுவதன்று. யார் யாரோடு அமர்ந்து உண்டனர், யார் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்னும் கணக்கிலும் அஃது எழுதப்படுகின்றது. இன்று போர்ட் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ அமெரிக்கப் பாணியில் அமைந்த தங்கும் விடுதி உணவகம் ஒன்றில் தமிழ்க் குடும்பம் ஒன்று தயக்கமின்றி நுழைகின்றது. காலியாக உள்ள மேசையில் அமர்கின்றது. உணவுப் பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்கின்றது. அங்குக் கழுத்துப்பட்டி கட்ட வேண்டியதில்லை. குலம் கோத்திரம் கூற வேண்டியதில்லை. இந்த எளிய காட்சிக்குப் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு.

போர்ட் கிள்ளானின் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். பிராங்க் சுவெட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேய ஆட்சியாளரின் பெயரால் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அத்துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று எண்ணுமளவுக்கு நிலைமை முற்றியது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து கொசுக்களை ஒழித்துத் துறைமுகத்தைக் காத்தார். அந்தச் சதுப்பிலும் இருப்புப் பாதையிலும் கப்பல் துறையிலும் வியர்வை சிந்தியவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, பின்னர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1972-ஆம் ஆண்டில்தான் இத்துறைமுகம் போர்ட் கிள்ளான் என்னும் பெயரைப் பெற்றது.

அக்காலத்தில் மேலை நாட்டு உணவு என்பது துரைமார்களின் உடைமையாகவே இருந்தது. 1884-இல் தோன்றிய சிலாங்கூர் கிளப்பின் கதவு, தம்புசாமிப் பிள்ளை போன்ற பெருஞ்செல்வர் சிலருக்கே திறந்தது. 1921-இல் கோலாலம்பூர் பத்து சாலையில் திறக்கப்பட்ட கொலிசியம் உணவு விடுதியோ தோட்டத் துரைமார் கூடும் இடமாகப் பெயர் பெற்றது. அங்கெல்லாம் சமைத்தும் பரிமாறியும் வந்தோர் ஹைனான் சீனர்கள். வெள்ளையர் இல்லங்களில் பழகிய கைப்பக்குவத்தை அவர்களே பின்னாளில் காப்பிக்கடைகள் வாயிலாகப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தனர்.

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்ற தடை உணவு மேசையோடு முடியவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரை எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். வயிற்றுப் பசியைப் போலவே மானத்தின் பசியும் மெய்யானது என்பதை அந்தக் கோரிக்கை உணர்த்துகின்றது.

ஆயினும், பிறர் இழைத்த இழிவைப் பேசும் நாம், நமக்குள் நாமே இழைத்த இழிவை மறைத்தல் நேர்மையாகாது. புகார்த் துறைமுக நகரில் அமுதசுரபி ஏந்தி அனைவர்க்கும் பசி தீர்த்த மணிமேகலையின் கதை நம்முடையது. 1867-இல் வடலூரில் சாதி வேறுபாடு பாராது உணவளிக்கும் தருமசாலையை நிறுவிய வள்ளலாரும் நம்மவரே. அப்படியிருந்தும், தென்னிந்திய இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடம் இருந்தது. அவ்வழக்கம் கிள்ளான் வேலைநிறுத்தம் நிகழ்ந்த அதே 1941-ஆம் ஆண்டில்தான் நீங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையில் இருந்த சாதிப்பெயரை நீக்கக் கோரி 1957-இல் பெரியார் தொடங்கிய கிளர்ச்சி பல மாதங்கள் நீடித்தது. அவர் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து ஆற்றிய உரைகள் இங்கும் விழிப்பை ஊட்டின. 1932-இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணியின் எழுத்தும் அவ்விழிப்பை வளர்த்தன.

இனி, அமெரிக்க உணவகத்தின் வருகையைக் காண்போம். 1919-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு பானக்கடையாகப் பிறந்த ஏ அண்ட் டபிள்யூ நிறுவனம் 1963-இல் கோலாலம்பூரில் கால் வைத்தது. 1973-இல் கென்டக்கி வறுத்த கோழியும், 1982-இல் மெக்டோனல்ட்சும் தொடர்ந்தன. ஒரே விலை, ஒரே வரிசை, ஒரே தட்டு என்பதே இவற்றின் முறை. முன்னே நிற்பவர் யார் என்று பின்னே நிற்பவர் கேட்பதில்லை.

இதனைக் கண்டு, சமத்துவத்தை அமெரிக்கர் நமக்குக் கற்பித்தனர் என்று எவரேனும் கருதினால் அது பிழையாகும். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் உல்வர்த் அங்காடியின் உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் இடம் என்று மறுக்கப்பட்டும் அவர்கள் எழுந்து செல்லவில்லை. மறுநாளும் வந்தனர், அவர்களைப் பின்பற்றிப் பல நகரங்களில் மாணவர்கள் அமர்ந்தனர். அவ்வாண்டு சூலைத் திங்களில் அந்த மேடை அனைவர்க்கும் திறந்தது. நாடு முழுவதும் உணவகங்களிலும் விடுதிகளிலும் நிறவேற்றுமையைச் சட்டம் தடுத்ததோ 1964-இல்தான். எனவே, கோலாலம்பூரில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அமெரிக்க உணவை ஒருங்கே உண்ணத் தொடங்கிய 1963-இல், அவ்வுணவு பிறந்த நாட்டின் தென்பகுதியில் பல உணவகங்கள் தம் குடிமக்களையே வெளியே நிறுத்தியிருந்தன. பண்டம் மட்டும் தானாகச் சமத்துவத்தைக் கொண்டுவருவதில்லை. அதற்காக எவரேனும் ஓரிடத்தில் உறுதியோடு அமர்ந்திருக்க வேண்டியிருக்கின்றது.

மேலும், இந்நாட்டில் பல இனத்தார் அருகருகே அமர்ந்து உண்ணும் வழக்கத்தை வளர்த்ததில் நம் ஒட்டுக்கடைகளுக்கும் காப்பிக்கடைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. தேநீருக்கு வந்த துறைமுகத் தொழிலாளியும் எழுத்தரும் ஒரே பலகையில் அமர்ந்தனர். அதை வரலாறு என்று எவரும் குறித்து வைக்கவில்லை. ஆயினும் அதுவும் வரலாறே.

இன்றைய உணவகத்தின் வாயிலில் சாதிப் பலகை இல்லை. நிறப் பலகையும் இல்லை. விலைப் பட்டியல் ஒன்று மட்டும் இருக்கின்றது. அதுவும் சிலரை வெளியே நிறுத்தும் வேலிதான் என்பதை மறத்தலாகாது. அதைவிடக் கடிய வேலி, வெளியே எவரோடும் அமர்ந்து உண்டுவிட்டு வீட்டில் பெண் கொடுக்கும்போது மட்டும் சாதி கேட்கும் உள்ளத்தில் இருக்கின்றது. மாணவர்கள் அடுத்த முறை உணவகத்து மேசையில் அமரும்போது, அந்த இருக்கைக்காகக் கிள்ளானிலும் திருவல்லிக்கேணியிலும் கிரீன்ஸ்பரோவிலும் மானம் காத்தவர்களை ஒரு கணம் நினைப்பார்களாயின், அவ்வேலியையும் அகற்றும் துணிவு அவர்களுக்கு வாய்க்கும்.