இயந்திரத் துப்பாக்கி புகட்டிய பாடம்

துப்பாக்கியாற் சுட்டவர் யாவரும் அதன் உதைப்பை அறிவர். ரவை முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்ந்து தோளை இடிக்கும். படைவீரர் வெறுந் தொல்லையெனக் கருதிய அவ்வுதைப்பை வேலைக்கு அமர்த்தியவர் ஹைரம் மாக்சிம். அமெரிக்காவிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய அவர், 1884ஆம் ஆண்டளவில் தானே இயங்கும் துப்பாக்கியொன்றைச் செய்து காட்டினார். உதைப்பின் வலு வெற்றுக் கோதை வெளியே எறிந்தது. அடுத்த ரவையை உள்ளே ஏற்றியது. சுடுவோன் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நிமிடத்துக்குச் சுமார் 600 ரவைகள் பாய்ந்தன. குழாயின் சூட்டைத் தணிக்க அதனைச் சுற்றி நீர் நிரம்பிய உறை இருந்தது.

இக்கருவியின் கொடுமையை முதலில் அனுபவித்தோர் ஆபிரிக்க மக்கள். 1898ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி, சூடான் நாட்டின் ஓம்டுர்மானில், கிச்செனர் நடத்திய பிரித்தானிய எகிப்தியப் படையை நோக்கிக் கலீபாவின் வீரர் வெட்டவெளியில் விரைந்தனர். பீரங்கியும் றைபிளும் மாக்சிம் துப்பாக்கியும் ஒருங்கே முழங்கின. நண்பகலுக்குள் அவ்வீரருட் பதினாயிரம் பேருக்கு மேல் மடிந்தனர். கிச்செனர் படையில் இறந்தோர் ஐம்பதின்மர் அளவினரே.

இவ்வெற்றியிலிருந்து ஐரோப்பியத் தளபதிகள் பலர் தவறான முடிவுக்கு வந்தனர். இது குடியேற்ற நாட்டுப் போர்களுக்கு ஏற்ற கருவி. ஐரோப்பியப் படைகள் தம்முட் பொருதால் வீரமும் வேகமுமே வெல்லும் என எண்ணினர். முதலாம் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஆயிரவர் கொண்ட பிரித்தானியப் பற்றாலியன் ஒன்றுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளே இருந்தன.

உண்மையில் இதன் வலிமை வேகத்தில் மட்டும் தங்கியதன்று. வைக்கும் இடத்திலும் கூட்டு முயற்சியிலும் தங்கியது. ஒருவன் சுட, மற்றொருவன் ரவை கோத்த துணிப்பட்டியை ஊட்டுவான். ஏனையோர் நீரும் ரவைப்பெட்டிகளும் சுமப்பர். நேரே எதிரில் நின்று சுட்டால், குறி தவறிய ரவை வரிசையைக் கடந்து வீணே போகும். பக்கவாட்டிலிருந்து சுட்டால், ஒருவனைத் தவறிய ரவை அவனை அடுத்தவனைத் தைக்கும். ஆதலாற் பயின்ற படைவீரர் இதனை ஓரங்களில் மறைத்து வைத்தனர். இரண்டு துப்பாக்கிகளின் சூட்டுப் பாதைகள் குறுக்கிடுமாறு அமைத்தால், ஒன்றை நெருங்குவோரை மற்றது தடுக்கும்.

இதன் விளைவு பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் வெளிப்பட்டது. 1916ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதிக்கு முன் ஒரு வாரம் பிரித்தானியப் பீரங்கிகள் ஜேர்மனியரின் அகழிகளை ஓயாது தாக்கின. ஆனால் ஜேர்மானிய வீரர் ஆழ்ந்த நிலவறைகளிற் பதுங்கியிருந்தனர். காலை 7.30 மணிக்குத் தாக்குதல் தொடங்கியதும் அவர்கள் மேலேறித் துப்பாக்கிகளை நிறுத்தினர். அவையும் மாக்சிமின் முறையிலே செய்யப்பட்டவை. பீரங்கிச் சூடும் சேர, அவ்வொரு நாளில் பிரித்தானியப் படை இழந்தோர் 57,470 பேர்; அவருள் இறந்தோர் 19,240 பேர்.

அதன்பின்னரே போர்முறை மாறியது. ஒருவர் சுமந்து செல்லத்தக்க லூயிஸ் துப்பாக்கி சிறு அணிகளுக்கும் பெருமளவில் வழங்கப்பட்டது. ஒரு குழு சுட்டு எதிரியைத் தலைகுனிய வைக்க, மறு குழு பதுங்கி முன்னேறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் இரும்புக் கவசமணிந்த டாங்கிகளும் களத்திற் புகுந்தன.

சோம் போர் 1916 நவம்பர் 18ஆந் திகதி ஓய்ந்தது. ஆறு நாட்களின் பின் மாக்சிமும் இலண்டனிற் காலமானார். ஓம்டுர்மானில் மாண்டவரைப் பிறர் என்று எண்ணாது, தம்மைப் போன்ற மனிதர் என்று நோக்கியிருந்தால், சோம் களத்தில் நேரவிருந்ததைத் தளபதிகள் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கலாம். பிறர் துயரைத் தமக்குரிய பாடமாகக் கொள்ளாதவர், அப்பாடத்தைத் தம் மக்களின் உயிரை விலையாகக் கொடுத்தே கற்க நேர்ந்தது.